எட்டு ஃபேக்டோரியல்: மைனஸ் 25,216

எட்டு ஃபேக்டோரியல் எவ்வளவு என்று கேட்டால் நாற்பதாயிரத்து முந்நூற்று இருபது என்று பிளஸ் டூ பிள்ளை சொல்லிவிடும். சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையிலும் ஆவடியைத் தாண்டித் திருநின்றவூர்ச் சாலையிலும் பொறியியல் கல்லூரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றில் டர்போ சி என்ற பழைய கம்பைலர் இன்னும் உயிரோடு இருக்கும் ஆய்வகம் ஒன்றில் போய் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மைனஸ் 25,216 என்று வரும். ஒன்பதுக்கு மைனஸ் 30,336. பத்துக்குப் போனால் புத்தி வந்ததுபோல மைனஸை விட்டுவிட்டு 24,320 என்று சொல்லும், அதுவும் பொய். பதினெட்டில் பூஜ்யம். அதற்குமேல் எதைக் கொடுத்தாலும் பூஜ்யம்தான்.

இத்தனை வருஷமாக இதை ஒருவரும் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கவனிக்க வழியே வைக்கவில்லை. ரெக்கார்டு நோட்டில் ஃபேக்டோரியல் புரோகிராமுக்கு எல்லாரும் கொடுக்கிற எண் ஐந்து, விடை 120. சீனியர் கொடுத்தது ஐந்து, அவருடைய சீனியர் கொடுத்தது ஐந்து, கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு விற்கிற மேனுவலிலும் ஐந்து. வலது பக்கம் புரோகிராம், இடது பக்கம் பென்சிலில் கட்டம் போட்ட அவுட்புட். புரோகிராமை ஓட்டிப் பார்த்துத்தான் அவுட்புட் எழுத வேண்டும் என்று ஒரு விதி எங்காவது இருந்திருக்கலாம். அதை அமல்படுத்தினால் கையெழுத்துப் போடுகிறவர் மாலை பஸ்ஸைத் தவறவிட வேண்டியிருக்கும்.

சங்கதி இவ்வளவுதான். டர்போ சியில் இன்ட் என்றால் 16 பிட். அதில் அடங்கக்கூடிய பெரிய எண் 32,767. அதைத் தாண்டினால் எண் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய் விழும், ஒரு வார்த்தை எச்சரிக்கை வராது. நியாயமாகச் சொன்னால் இன்றைய ஜிசிசி கம்பைலரும் இதே புரோகிராமில் பன்னிரண்டு வரைதான் தாங்கும். பதின்மூன்றில் அதுவும் உளறும். யார் எவ்வளவு தூரம் தாங்குகிறார் என்ற பந்தயம் இங்கே நடக்கவில்லை. அளவு மெஷினுக்கு மெஷின், கம்பைலருக்குக் கம்பைலர் மாறும், ஆகவே உன் புரோகிராம் எங்கே போய் ஓடப்போகிறது என்று யோசித்து எழுது என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. "இன்ட் ரெண்டு பைட், நோட் பண்ணிக்கோங்க" என்று சொன்னார்கள். நோட் பண்ணிக்கொண்டார்கள்.

இந்த மகத்தான சாதனைக்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. போர்லாண்ட் கம்பெனி டர்போ சி-யை முதலில் விட்டது 1987-ல். எம்எஸ்-டாஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காகச் செய்தது. இன்றைய 64 பிட் விண்டோஸ் அந்தக் காலத்து 16 பிட் புரோகிராமைத் தொடவே தொடாது. கம்ப்யூட்டரே "இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டது. நம் ஆட்கள் விடுவார்களா? டாஸ்பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பழைய டாஸ் வீடியோ கேம்களை மறுபடி ஆடிப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் எழுதிய எமுலேட்டர். அதைப் போட்டு, அதற்குள் டர்போ சி-யைக் குடியமர்த்தி, ஆல்ட் எண்டர் தட்டினால் திரை முழுக்க நீலம். அங்கீகாரக் குழு வருகிறது என்று கடன் வாங்கி ஐ-செவன் மெஷின் வரிசையாக இறக்குவது. இறக்கிய கையோடு அதை 386 காலத்து வேகத்துக்கு இழுத்துக் கட்டி உட்காரவைப்பது. போர்லாண்டே தன் பழைய டர்போ சி 2.01-ஐ அருங்காட்சியகச் சரக்கு என்று பெயரிட்டு இலவசமாகக் கொடுத்துவிட்டது. பெற்றவளே பாடை கட்டிய பிணத்தை எடுத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தச் சொல்கிறோம்.

எல்லாக் கல்லூரியும் இப்படியில்லை. மாறியவர்கள் இதைப் படித்துக் கோபப்பட வேண்டாம். மாறாதவர்கள் தாராளமாகக் கோபப்படலாம்; ஆனால் கோபத்தில் பல்கலைக்கழகத்தின் மேல் பழியைப் போடக்கூடாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தில், முதலாண்டு ஆய்வகத்துக்குத் தேவையானவை என்று போட்டிருப்பது: முப்பது பேர் கொண்ட ஒரு பிரிவுக்கு, சி கம்பைலருடன் முப்பது கணினிகள், அல்லது முப்பது டெர்மினல் தாங்கும் ஒரு சர்வர். அவ்வளவுதான். டர்போ என்ற பேச்சே கிடையாது. காசு கொடுக்காமல் கிடைக்கிற ஜிசிசி-யைப் போட்டிருந்தால் போதும். விதி கேட்காத ஒன்றை, மெஷின் மறுத்த ஒன்றை, செய்தவனே கைவிட்ட ஒன்றை இவ்வளவு பிடிவாதமாகக் காப்பாற்றுகிறார்களே, இந்தப் பிடிவாதத்தில் கால்வாசியைக் கூவம் நதி மேல் காட்டியிருந்தால் பருத்திப்பட்டுப் பக்கம் இன்று மீன் துள்ளியிருக்கும்.

எரிச்சலுக்குக் காரணம் வேறு. சி என்ற மொழி பேர் வாங்கியதே ஊர் மாற்றி ஓடியதால்தான். பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை முதலில் அசெம்ப்ளியில் எழுதினார்கள். அது ஒரு மெஷினோடு ஒட்டிக்கொண்ட எழுத்து. 1973-ல் அதைச் சி-யில் மாற்றி எழுதினார்கள். பிறகு டென்னிஸ் ரிச்சியும் ஸ்டீவ் ஜான்சனும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் இன்டர்டேட்டா 8/32 என்ற, முற்றிலும் வேறு ஜாதி மெஷினில் இறக்கினார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவின் வுலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் இன்டர்டேட்டா 7/32-ல் இறக்கினார். பழைய பிடிபி-11 மெஷினில் இன்ட் 16 பிட், இன்டர்டேட்டாவில் 32. இடித்தது, முட்டியது, எங்கெங்கே முட்டியது என்று ரிச்சியும் ஜான்சனும் 1978-ல் பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னலில் கட்டுரையே எழுதி வைத்தார்கள். ஒரே அளவு எங்கும் இருக்கும் என்று நம்பாதே என்ற பாடம் அச்சேறியது 1978-ல். நம்முடைய லேப் மேனுவலுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டு ட்ராஃபிக்கில் மாட்டியிருக்கும்போல.

துறைத் தலைவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பிள்ளை ஏதோ தெரியாமல் பேசுகிறான் என்கிற சிரிப்பு. "பேசிக்ஸ் எல்லாத்துலயும் ஒண்ணுதானே சார்? லூப்பு லூப்புதான், அரே அரேதான்." சரி, பேசிக்ஸ் ஒன்றுதான். அப்படியானால் முதல் வரியில் கோனியோ டாட் எச் எதற்கு? அது சி மொழியில் இல்லை. டாஸ் கம்பைலர்க்காரர்கள் தங்கள் வசதிக்குச் சேர்த்துக்கொண்டது. இரண்டாவது வரியில் வாய்ட் மெயின் எதற்கு? 1989-ல் வந்த ஆன்சி தரம் மெயின் ஒரு இன்ட்டைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஓடி முடித்த புரோகிராம் வேலை முடிந்ததா கெட்டதா என்று தன்னைக் கூப்பிட்டவரிடம் சொல்லிவிட்டுப் போவதற்கான மரியாதை அது. மூன்றாவது வரியில் கிளியர் ஸ்க்ரீன், கடைசி வரியில் கெட்ச். கெட்ச் எதற்கு என்று கேட்டால் நூற்றில் தொண்ணூறு பேர் "அது போடணும் சார்" என்பார்கள். டர்போ சி-யின் எடிட்டர் அவுட்புட்டைக் காட்டிய மறுநொடி நீலத்திரைக்குத் திரும்பிவிடும், அதை நிறுத்திவைக்க ஒரு முட்டுக்கட்டை, அதுதான் கெட்ச். எடிட்டரின் குறையை மொழியின் இலக்கணமாக மனப்பாடம் செய்துகொண்டு ஒரு தலைமுறை வெளியே வந்திருக்கிறது. நாலு வரி பேசிக்ஸில் ஒரு வரிகூட சி இல்லை.

"பரீட்சையில இதத்தானே கேக்குறாங்க?" என்பது அடுத்த கேடயம். தன்னாட்சிக் கல்லூரி. கேள்வித்தாள் தயாரிக்கிறவரும் இவர், விடைக்குறிப்பு எழுதுகிறவரும் இவர், திருத்துகிறவரும் இவர். "கேக்குறாங்க" என்ற அந்த "ங்க" யார் என்று மட்டும் இவருக்குத் தெரியாது.

வாய்மொழித் தேர்வு ஒன்று. கல்லூரிப் பெயர் வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல். அவர் முன்னால் பிஸ்கட் தட்டு, பாதி குடித்த டீ. இந்தப் பக்கம் திருமழிசையிலிருந்து பஸ் பிடித்து வருகிற முதலாண்டுப் பெண்.

"இன்ட் எத்தனை பைட்டும்மா?"

"கம்பைலரப் பொறுத்தது சார். குறைஞ்சது பதினாறு பிட் இருக்கணும்."

"பொறுத்தது கிறுத்ததெல்லாம் வேணாம். எத்தனை?"

"இந்த லேப்ல ரெண்டு சார். எங்க வீட்டு லேப்டாப்ல நாலு."

"உங்க வீட்டப் பத்தியா கேட்டேன்?"

பக்கத்தில் நின்ற இன்டர்னல் மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "சார் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா." அந்தப் பெண் ரெண்டு என்றாள். வெரி குட் என்றார் எக்ஸ்டர்னல். மொத்தக் கட்டடத்தில் சரியான விடை தெரிந்திருந்த ஒரே ஆளை மிரட்டித் தப்பான விடைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, வெரி குட் சொல்லி அனுப்பிய அந்த மூன்று நிமிடத்துக்குப் பெயர் உயர்கல்வி.

இந்த வெரி குட் வாங்கிய பிள்ளைகள் பிறகு எங்கே போகிறார்கள்? அம்பத்தூர் எஸ்டேட்டில் எம்பெட்டட் வேலை செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றின் இன்டர்வியூவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். லினக்ஸ் மெஷின், கறுப்புத் திரை, ஜிசிசி. கொடுத்த வேலை லேசானது: ஒரு ஃபைலைத் திறந்து அதில் எத்தனை வரி என்று எண்ணிச் சொல்ல வேண்டும். பையன் நல்ல பையன், எண்பத்தாறு சதவீதம், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. கோனியோ என்று தட்டினான். அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது கம்பைலர். மறுபடி தட்டினான், ஸ்பெல்லிங்கைச் சரிபார்த்தான், மறுபடியும் தட்டினான். கடைசியில் தலையைத் தூக்கி, உண்மையான கவலையோடு, "சார், இந்த சிஸ்டத்துல சி இல்ல சார்" என்றான்.

லினக்ஸில் சி இல்லை! கெர்னலே சி-யில் எழுதப்பட்ட மெஷினின் முன்னால் உட்கார்ந்துகொண்டு. அவனைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துச் செமஸ்டருக்குச் செமஸ்டர் பணம் வாங்கியவர்களைத் தேடிப்போய் ஒரு அறை விடலாம்போல இருந்தது.

அவன் அப்பா அதே எஸ்டேட்டில் லேத்து ஓட்டுகிறவராம். அவரைக் கேட்டால் தெரியும். எம்-12 போல்ட்டில் 1.75 பிட்ச் மரை போடச் சொல்லி டிராயிங் வந்தால் 1.75-தான் போட வேண்டும். "எங்க பட்டறையில கெடக்குற நட்டுல நல்லாப் போவுது சார்" என்று சொல்லி டெலிவரி கொடுக்க முடியாது. வாங்குகிற கம்பெனி இன்ஸ்பெக்டர் கோ, நோ-கோ கேஜை எடுத்துப் போட்டுப் பார்ப்பார். உள்ளே போக வேண்டியது போகாவிட்டால், போகக் கூடாதது போனால், மொத்த லாட்டும் ரிஜெக்ட். தன் பட்டறையைப் பார்க்காமல் தரத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும் என்பது பத்தாவது ஃபெயிலான டர்னருக்கு முதல் வாரத்தில் தெரிந்துவிடுகிறது. முனைவர் பட்டம் வாங்கியவருக்கு, "எங்க லேப்ல ஓடுது" என்பதே தரச் சான்றிதழ். அப்பா கைக்கணக்கில் மைக்ரான் பார்த்துச் சம்பாதித்த பணத்தை வாங்கிக்கொண்டு பிள்ளைக்கு, ஒரே ஒரு செத்த போல்ட்டில் மட்டும் ஏறுகிற நட்டுச் செய்யக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பாடியிலிருந்து அம்பத்தூர் வரை இருக்கும் வாகன உதிரிபாகத் தொழிலில் இன்று பிரேக்குக்குள்ளும் இன்ஜினுக்குள்ளும் ஓடுவது பெரும்பாலும் சி-தான். மிஸ்ரா சி என்ற விதித்தொகுப்பு அந்தத் துறைக்காகவே 1998-ல் வந்தது. வெறும் இன்ட்டை நம்பாதே, எத்தனை பிட் என்று பெயரிலேயே எழுதிக்கொள் என்கிறது அது. 1999-ல் வந்த சி தரத்திலேயே அதற்கான இன்ட்-16, இன்ட்-32 வகைகள் உண்டு. பாடத்தில் இதைச் சேர்க்க ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தை ஃபார், நியர் பாயின்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. 640 கே.பி. நினைவகத்தை 64 கே.பி. துண்டாக வெட்டிப் பிழைத்த காலத்து அவஸ்தை அது. இன்று எந்தக் கம்பெனியிலும் கேட்பாரில்லை.

ஒரு மெஷினில் ஓடி இன்னொன்றில் உதைக்கும் இடங்கள் நிறைய. லாங் என்பது 64 பிட் லினக்ஸில் எட்டு பைட், 64 பிட் விண்டோஸில் நாலு. ஃபைல் பெயரில் பெரிய எழுத்துச் சின்ன எழுத்து மாறினால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் கழுத்தைப் பிடித்துத் தள்ளும். இவற்றையெல்லாம் போகிறபோக்கில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது ஏறக்குறைய எல்லா லேப் ரெக்கார்டிலும் இருக்கிறது. ஃபைலில் இருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, முடிவு வந்ததும் நிறுத்தும் புரோகிராம். படித்த எழுத்தைச் சார் என்ற ஒரு பைட் பெட்டியில் வாங்குவார்கள். ஃபைல் முடிந்தால் கிடைக்கும் அடையாளம் பெரும்பாலும் மைனஸ் ஒன்று. நம் மேசைக் கணினிகளில் சார் மைனஸைத் தாங்கும், ஆகவே நிற்கும். அதே புரோகிராமைக் கொண்டுபோய் ராஸ்பெரி பை-யில் போடுங்கள். அந்த ஏஆர்எம் லினக்ஸில் சார் மைனஸைத் தாங்காது. மைனஸ் ஒன்றைப் போட்டால் 255 ஆகிவிடும். 255-ம் மைனஸ் ஒன்றும் எந்த ஜென்மத்திலும் சமமாகாது, புரோகிராமும் எந்த ஜென்மத்திலும் நிற்காது. சாருக்குப் பதில் இன்ட் என்று போட்டிருந்தால் தீர்ந்தது. எழுத்தைப் படிக்கும் கெட்சார் திருப்பித் தருவது இன்ட் என்று ரிச்சி சேர்ந்து எழுதிய சி புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. உலகத்து செல்போன் ஏறக்குறைய எல்லாம் ஏஆர்எம். இந்தப் பிள்ளைகள் பாக்கெட்டில் இருப்பதும் ஏஆர்எம்.

கெட்ஸ் கதை இன்னும் கேவலம். எவ்வளவு நீள வரி வந்தாலும் அளவு பார்க்காமல் உள்ளே வாங்கிப் பக்கத்து நினைவகத்தை நாசம் செய்யும் ஃபங்ஷன். 1988 நவம்பர் 2 அன்று மாரிஸ் புழு இணையத்துக்குள் நுழைந்த கதவுகளில் ஒன்று அதுதான். 2011-ல் தரத்தை விட்டே தூக்கிவிட்டார்கள். நம் பாலிண்ட்ரோம் புரோகிராம் இன்றும் கெட்ஸில்தான் தொடங்குகிறது. அந்தப் புழுகூட, தன் முதல் துண்டைச் சி மூலநிரலாகவே அனுப்பி, போய்ச் சேர்ந்த மெஷினில் அங்கேயே கம்பைல் செய்துகொண்டது. போகும் இடம் வேறு மாதிரி இருக்கும் என்ற முன்யோசனை. திருட்டுப் பயலுக்கு இருந்த பொறுப்பு!

அரசாங்கத்தைத் திட்டிவிட்டுப் போவது சுலபம்; இந்த விஷயத்தில் அது கொஞ்சம் அநியாயம். சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் 2007-லிருந்து இருக்கிறது. 2011-ல் தமிழ்நாடு அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் பாஸ் லினக்ஸ். ஒரே பெட்டியில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம். இங்கே எழுதி அங்கே ஓட்டிப் பார் என்று சொல்ல இதைவிட நல்ல ஆய்வகம் கிடைக்குமா? அதைப் பொறியியல் கல்லூரிக்குத் தூக்கிவந்த பிள்ளையிடம் முதல் நாளே, "அந்த லினக்ஸ அழிச்சிட்டு டாஸ்பாக்ஸ் போட்டுக்கோ, லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட பென் டிரைவ் இருக்கு" என்றார்கள். பதினொன்றாம் வகுப்பு அரசுப் பாடநூல்கூட 2018-ல் டெவ் சி++ பக்கம் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் முன்னே போன பிள்ளையைக் கல்லூரியில் பின்னே இழுத்துவிடுகிறோம். ஐஐடி மெட்ராஸ்காரர்கள் சக்தி என்று சொந்தமாகச் சிப்பு வடிவமைத்து 2018-ல் அதில் லினக்ஸையே ஏற்றிக் காட்டினார்கள். பாதுகாப்பு அமைச்சகம் விண்டோஸை விட்டு உபுண்டு வழிவந்த மாயா ஓஎஸ்-க்குப் போகிறது என்று 2023 ஆகஸ்டில் செய்தி வந்தது. டாங்கித் தொழிற்சாலையும் சிவிஆர்டிஇ ஆய்வகமும் இருக்கிற ஆவடியில், பாதுகாப்புத் துறைச் சுவர் ஓரமாகவே கல்லூரிப் பஸ்கள் தினமும் ஓடுகின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் நாடு ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றுகிறது. பஸ்ஸுக்குள் பிள்ளை ஆல்ட் எஃப்-9 அழுத்தினால் கம்பைல், கன்ட்ரோல் எஃப்-9 அழுத்தினால் ரன் என்று மனப்பாடம் செய்துகொண்டு போகிறான்.

கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் என்ன சொல்கிறது? பி.டெக். செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும். நீலநிற ரோபோ ஒன்று கன்னத்தில் கைவைத்துச் சிந்திக்கிறது. தாளாளர் கைகட்டிச் சிரிக்கிறார். உள்ளே போனால், அந்தச் செயற்கை நுண்ணறிவு முதலாண்டுப் பிள்ளைகள் டாஸ்பாக்ஸில் கிராஃபிக்ஸ் டாட் எச் போட்டு, சி டிரைவ், டிசி, பிஜிஐ என்று பாதை எழுதி, ஒரு வட்டம் வரைந்துகொண்டிருக்கிறார்கள். வட்டம் வந்துவிட்டால் கைதட்டல். வட்டம் வராவிட்டால் டிரைவை மாற்று. இங்கே வளர்ந்தவர்கள்தானே பிற்பாடு அரசு டெண்டர் எடுத்து, இந்த இணையதளத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் பார்க்கவும் என்று அடியில் போட்டுவிட்டுப் போனவர்கள்? மைக்ரோசாஃப்ட் 2022-ல் எக்ஸ்ப்ளோரரை அடக்கம் செய்தது. அந்த அறிவிப்பு வரிக்கு மட்டும் ஆயுசு கெட்டி.

டர்போ சி-யை அழிக்கச் சொல்லவில்லை. அது தன் காலத்தில் அபாரமான பொருள். சின்ன மெஷினில் மின்னல் வேகத்தில் கம்பைல் செய்தது. திருவள்ளூர் தாண்டிப் பூண்டியில் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அந்த இடத்துக் கருவிகளுக்குப் பதினைந்து லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் ஆய்வு வந்தது. அங்கே கிடைத்த கைக்கோடாரியின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவில் கிடைத்ததும் கொசஸ்தலை ஆற்றங்கரையில் கிடைத்ததும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. எந்தக் கல் கிடைத்தாலும், எந்த ஊரில் இருந்தாலும் செய்ய முடிந்த டிசைன். தரக் குழு இல்லை, கமிட்டி இல்லை. அந்தக் கோடாரி பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி போட்டு டர்போ சி-யை வைக்கலாம். கோடாரிக்குத்தான் கௌரவக் குறைச்சல்.

கடைசியாக அந்தக் கேள்வியைச் சொல்லியே ஆக வேண்டும். எல்லாக் கேள்வித்தாளிலும், எல்லா பிளேஸ்மென்ட் வழிகாட்டியிலும் வேஷம் மாற்றி மாற்றி வரும் கேள்வி. ஐ-யின் மதிப்பு ஐந்து. ஒரே பிரின்ட்எஃப்-ல் ஐ ப்ளஸ் ப்ளஸ், ஐ, ப்ளஸ் ப்ளஸ் ஐ என்று மூன்றையும் அச்சிடு. அவுட்புட் என்ன? இரண்டு மதிப்பெண். டர்போ சி வலமிருந்து இடமாகக் கணக்குப் போட்டு 6 6 6 என்று சொல்லும். ஜிசிசி-யில் ஓட்டினால் பொதுவாக 6 7 7. கிளாங்கில் 5 6 7. மூன்றும் நல்ல கம்பைலர்கள், மூன்றும் தப்புச் செய்யவில்லை. எதை முதலில் கணக்கிட வேண்டும் என்று மொழித் தரம் சொல்லவே இல்லை. ஒரே வரியில் ஒரு மாறியை இப்படி இரண்டு தரம் மாற்றினால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்றுதான் சொல்கிறது. அன்டிஃபைன்ட் பிஹேவியர் என்பார்கள். இப்படி எழுதாதே என்பதுதான் இதில் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஒரே விஷயம். நாம் இதை எழுதவைத்து, விடையையும் கேட்டு, அந்த விடையை வைத்து ரேங்க் போடுகிறோம்.

திருமழிசைப் பெண்ணுக்கும் செமஸ்டரில் இந்தக் கேள்வி வந்தது. அவள் விடைத்தாளில் மூன்று வரி எழுதினாள்: இந்த வரியின் நடத்தை வரையறுக்கப்படவில்லை, கம்பைலருக்குக் கம்பைலர் விடை மாறும், இதைத் தனித்தனி வரிகளாக உடைத்து எழுத வேண்டும். உடைத்து எழுதியும் காட்டினாள். சிவப்பு மையில் பூஜ்யம் விழுந்தது. விடைக்குறிப்பில் இருந்தது 6 6 6. பக்கத்து பெஞ்சுப் பையன் 6 6 6 எழுதியிருந்தான், மேனுவலில் படித்தது, அவனுக்கு இரண்டு. மேனுவலில் ஜிசிசி விடை இருந்திருந்தால் அதையும் அப்படியே எழுதியிருப்பான், அவன் மேல் குற்றமில்லை.

அவள் அப்பா மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டினார். மூன்று கம்பைலரில் ஓட்டி எடுத்த மூன்று பிரின்ட் அவுட்டை விண்ணப்பத்தோடு பின் அடித்துக் கொடுத்தாள் பெண். இணைப்பு எதுவும் ஏற்கப்படமாட்டாது என்று கவுன்டரில் பின்னைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முடிவு நோட்டீஸ் போர்டில் வந்தது. அவள் பதிவெண்ணுக்கு நேரே அச்சடித்திருந்தது: நோ சேஞ்ச்.